அட்டை போட்ட ஒட்டகங்கள்

ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்தவன் கதை எல்லாருக்கும் தெரியும். வெளியே குளிருகிறது, தலையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டதாம். பிறகு கழுத்து, பிறகு முன்னங்கால், பிறகு முதுகு. கடைசியில் கூடாரத்துக்காரன் வெளியே நின்று நடுங்கினானாம். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டு, இப்படியும் ஒரு அசடு இருப்பானா என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகராக உட்கார்ந்த பிறகுதான் அந்த அசடு நான்தான் என்று தெரிந்தது.

என் கூடாரத்துக்குள் தலையை நீட்டியது கம்ப்யூட்டர்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஊரே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்துத் திரிந்தது. அமீர்பேட்டில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கோச்சிங் சென்டர் வாசலில்தான் விழ வேண்டும். என் கணவரும் மதுரையிலிருந்து வந்து அங்கே விழுந்தவர்தான். விழுந்த இடத்தில் ஒரு கோர்ஸ் படித்து, எழுந்தபோது கையில் வேலையோடு எழுந்தார். ஆகவே கம்ப்யூட்டர் மேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே அதனால்தான். அதற்காக அது என் நூலகத்தையுமா தின்ன வேண்டும்?

பள்ளிக்கூடம் லாலாகுடாவுக்கும் மல்லாபூருக்கும் நடுவில், ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்தது. ரயில்வே பட்டறைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஃபேக்டரிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். முதல் மாடியில் கடைசி அறை என்னுடையது. தெருவைப் பார்த்த இரண்டு ஜன்னல், கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்கள், நீள மேஜைகள். பள்ளிக்கூடத்தின் முதலாளியை அங்கே எல்லாரும் கரஸ்பாண்டென்ட் என்பார்கள். தெலுங்குக்காரர். காலேஜ் படிப்பை மெட்ராஸில் முடித்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழில் பாதி மெட்ராஸ், பாதி செகந்திராபாத்.

"மேடம், ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கு. உங்க ரூம்ல ஒரு மூலையில இருக்கட்டும். தாற்காலிகம்தான்," என்றார்.

நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். மறுவாரம் அதற்கு ஒரு மேஜை வந்தது. அதற்கடுத்து, தூசி ஆகாது என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்கள். பிறகு, கம்ப்யூட்டருக்கு மண் ஆகாது என்று பிள்ளைகள் ஷூவை வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு. கோயிலுக்குள் வருவதுபோல நூலகத்துக்குள் வந்தார்கள். அறை முழுக்கச் சாக்ஸ் நாற்றம், ஜன்னலும் மூடியிருக்கிறது, கேட்க வேண்டுமா. கடைசியாக ஒரு நாள் கரஸ்பாண்டென்ட் ஒரு ஆளோடு வந்து சுவர்களை டேப் வைத்து அளந்தார்.

"எதுக்கு சார் அளக்குறீங்க?"

"ஜூன்ல இங்க கம்ப்யூட்டர் லேப் போடறோம் மேடம். பேரண்ட்ஸ் எல்லாம் அதான் கேக்கறாங்க."

"அப்ப லைப்ரரி?"

அவர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏமண்டி மேடம், நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க வந்ததுல இருந்து இங்க ஒரு புக்கு தொலைஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"ஒரு புக்கு கிழிஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"நீங்கதான் எந்தப் புக்கும் லைப்ரரியை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கீங்க. பீரோவைப் பூட்டி வைங்கன்னும் சொல்லியிருக்கீங்க."

"அது இல்ல மேடம். யாருக்கும் வேணாம். அதான்." சொல்லிவிட்டு ஒரு பந்தயம் போல விரலை நீட்டினார். "பேரண்ட்ஸ் டே வருது. லைப்ரரியில ஏதாவது கண்காட்சி வைங்க. அன்னிக்கு ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, தானா எங்கிட்ட வந்து எனக்கு இந்தப் புக்கு வேணும்னு கேக்கட்டும். இந்த ரூமை நான் தொடமாட்டேன். கேக்கலைன்னா நீங்க கீழ ஆபீஸ்ல உக்காந்து போன் எடுங்க. சொல்லிக்கொடுத்துக் கேக்க வைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சிரும்."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு சாக்லேட் கொடுத்தால் போதுமே என்று. மனுஷர் என் முகத்தைப் படித்துவிட்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். போன் எடுப்பது கேவலமான வேலை என்று நினைத்து அல்ல. புத்தகங்களை மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் போடுவார்கள். அந்த வழியாகத்தான் நான் தினமும் ஆபீஸுக்குப் போக வேண்டியிருக்கும். அதை நினைத்துத்தான் அழுகை. வீடு வந்து சேர்வதற்குள் அழுகை போய் ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரம் வந்தால் நான் நன்றாக வேலை செய்வேன்.

ஆனால் எதைக் காட்சிக்கு வைப்பது? அதைத் தீர்த்து வைத்தது ஒட்டகம், நிஜ ஒட்டகம்.

மூன்றாம் வகுப்புக்கு லைப்ரரி பீரியட். பிள்ளைகள் வழக்கம்போலக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரு வால் பையன் சாத்தியிருந்த ஜன்னலைப் படாரென்று திறந்து, "ஒண்டே வச்சிந்தி!" என்று கத்தினான், ஒட்டகம் வந்துவிட்டதாம். அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொற்றிக்கொண்டது. கீழே பார்த்தால் கண்ணாடிச் சில்லு தைத்த துணியும் குஞ்சலமுமாக ஒரு ஒட்டகம். காலனி காலனியாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறவர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்ததும் அது நின்றது. கழுத்தை நீட்டியது. 'கம்ப்யூட்டர் கல்விக்கு எங்களிடம் வாருங்கள்' என்று இங்கிலீஷில் எழுதிக் கட்டியிருந்த துணி பேனரின் ஒரு மூலையை வாயில் கவ்வி நிதானமாக மென்றது. வாட்ச்மேன் குச்சியோடு ஓடி வந்தார். அது அவரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மென்றுகொண்டே போயிற்று. அந்த ஒட்டகம் என் கட்சி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னலிலிருந்து இறங்கிய பிள்ளைகளுக்கு வாய் மூடவில்லை. தெலுங்கிலும் ஹிந்தியிலும் கேள்வி மேல் கேள்வி. அதன் முதுகில் ஏன் மேடு? அதற்குள் என்ன இருக்கிறது, தண்ணீரா? ஒன்றில் ஒரு மேடுதான் இருக்குமா, இரண்டு இருக்குமா? அது ஏன் எல்லாரையும் முறைக்கிறது? எனக்கும் தெரியவில்லை. பீரோக்களைத் திறந்து தேடினேன். நூலகம் முழுக்க ஒரே ஒரு ஒட்டகம், தடித்த கலைக்களஞ்சியத்தில், தபால்தலை அளவில். அதையும் பூச்சி அரித்திருந்தது.

ஆகட்டும், ஒட்டகம்தானே வேண்டும் உங்களுக்கு என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸில் கடைகள் சாத்தியிருக்கும். அந்த நடைபாதை முழுக்கப் பழைய புத்தகம் விரித்திருப்பார்கள். கணவரைப் பையோடு இழுத்துக்கொண்டு போனேன். என் ஹிந்தி அப்போது குழந்தை நடை. ஒவ்வொரு விரிப்பிலும் குனிந்து, "ஊண்ட் கா கிதாப் ஹை?" என்று ஒட்டகப் புத்தகம் கேட்டேன். முதல் ஆள் சிரித்தார். இரண்டாவது ஆள், அடுத்த விரிப்புக்காரருக்குக் குரல் கொடுத்தார். நான் நடைபாதையின் அந்த முனைக்குப் போவதற்குள் எனக்கு முன்னாலேயே சேதி போய்விட்டது. "ஊண்ட் வாலீ மேடம் வந்துட்டாங்க" என்பதுபோல ஆளாளுக்கு எதையாவது தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் ஒட்டகச்சிவிங்கியைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார். நானா ஏமாறுகிற ஆள்?

"ஊர்ல எங்கம்மா போன் பண்ணி ஞாயித்துக்கிழமை என்னடா பண்ணுனன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல? பொண்டாட்டிகூட ஒட்டகம் வாங்கப் போனேன்னா?" என்றார் கணவர்.

"சொல்லுங்களேன். பேசாம பையைப் புடிங்க."

ஒட்டகத்துக்கு ஒரு பக்கமா கோணல் என்பார்கள். நான் வாங்கிய புத்தகங்களுக்கும் அப்படித்தான், ஒன்றுக்கு முதுகு கோணல், ஒன்றுக்கு மூலை மடங்கல், ஒன்றில் கடைசிப் பக்கமே கிடையாது. ஆனால் அட்டைகள்! தும்மலை நிறுத்த முடியாத ஒட்டகம் ஒன்று. கொட்டாங்கச்சி அளவுக் கண்ணை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெலுங்கு ஒட்டகம் ஒன்று. வலப்பக்கமிருந்து திறக்கும் உருதுப் புத்தகத்தில் ஊதா நிற ஒட்டகம். பாலைவனப் புகைப்படங்கள் போட்ட பெரிய புத்தகம். நான் சொன்ன கூடாரக் கதைகூடப் படங்களோடு கிடைத்தது. அந்த அட்டைகளைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கேட்காமல் போகாது. என் முழு நம்பிக்கையும் அந்த அட்டைகள் மேல்தான்.

பேரண்ட்ஸ் டேக்கு முந்தின நாள் சாயங்காலம், எல்லாவற்றையும் அட்டை தெரிய மேஜைமேல் பரப்பினேன். எங்கள் ஆயா அக்காவைக் கூப்பிட்டேன். லாலாகுடா ரயில்வே குடும்பம், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க்காரர்கள். அவர் பேசுகிற தமிழில் ஹிந்தி எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியாது.

"அக்கா, காலையில எல்லாரும் வருவாங்க. புக்கெல்லாம் நீட்டா இருக்கணும். பாத்துக்கங்க."

"ஹவ், சரி மேடம். நீங்க நிம்மதியாப் போங்க. நான் இருக்கேன்ல."

நானும் நிம்மதியாகப் போனேன்.

காலையில் சீக்கிரமே வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தும்மல் ஒட்டகம் இல்லை. ஊதா ஒட்டகம் இல்லை. மேஜை நெடுகப் பழுப்பு, ஒரே பழுப்பு. அத்தனை புத்தகங்களுக்கும் பிரவுன் தாளில் கச்சிதமாக அட்டை போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருந்தது. போஸ்ட் ஆபீஸில் பார்சல் அடுக்கி வைத்ததுபோல இருந்தது.

"அக்கா!" நான் போட்ட கூச்சலில் கீழே வாட்ச்மேனே எட்டிப் பார்த்தார்.

ஆயா அக்கா நிதானமாக வந்தார். "கைக்கு மேடம், எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

"என்னக்கா இப்படிப் பண்ணிப்புட்டீங்க? யாரு உங்களை அட்டை போடச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஜூன் மாசமானா கரஸ்பாண்டென்ட் சார் என்ன சொல்றாரு? அட்டை போடாத புக்கு ஸ்கூலுக்குள்ள நக்கோ, வரக் கூடாது. வருஷா வருஷம் எல்லா கிளாஸுக்கும் நான்தான போடுறேன்? நீங்க பாட்டுக்கு எல்லாத்தையும் அம்மணமாப் போட்டுட்டுப் போயிட்டீங்க. பேரண்ட்ஸ் வந்து பாத்தா ஸ்கூல் மானம் போவாது?"

அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் சட்டம். ஒரு புத்தகத்தின் அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் கடையில் பார்த்தால்தான் உண்டு. நான் ஒரு தாளைப் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"ஒட்டியிருக்கீங்களா?"

"பின்ன? புள்ளைங்க கையி சும்மா நிக்காது. மைதா காய்ச்சி நாலு பக்கமும் ஒட்டிட்டேன். ஜென்மத்துக்கும் வராது." குரலில் பெருமை வழிந்தது. "லேபில்ல பேரு மட்டும் எழுதல. யாரு புக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிய்த்தால் ஒட்டகத்தின் மூக்கும் கூடவே வந்துவிடும். அழுவதா, சிரிப்பதா, ஆயா அக்காவின் கையைப் பிடித்துக் கடிப்பதா என்று தெரியாமல், கையிலிருந்த புத்தகத்தை ஆத்திரத்தில் மேஜைமேல் கவிழ்த்து அடித்தேன். அது விரிந்தபடி கவிழ்ந்து நின்றது. முதுகு மேலே, இரண்டு பக்கமும் சரிவாக.

பழுப்பாக ஒரு மேடு.

நான் உற்றுப் பார்த்தேன். ஆயா அக்காவும் என்னைச் சந்தேகமாக உற்றுப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து அதேபோல விரித்துக் கவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டு திமில். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மஞ்சள் சார்ட் தாளை மேஜை நீளத்துக்கும் விரித்து மணலாக்கினேன். ஒற்றைத் திமில், இரட்டைத் திமில், மறுபடி ஒற்றை என்று வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டே போனேன். மீந்த பிரவுன் தாளில் கழுத்தும் தலையும் வெட்டி முன்னால் ஒட்டினோம். ஆயா அக்கா வெட்டிய தலைகள் எல்லாம் அவருடைய நாத்தனார் மாதிரி முறைத்தன. அவரே சொன்னது. கடைசியில் ஒரு அட்டையில், 'திமிலுக்குள் என்ன இருக்கிறது?' என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதி நிறுத்தினேன்.

பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்தார்கள். நேரே கம்ப்யூட்டர் இருந்த மூலைக்குப் போனார்கள். அங்கே பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மௌஸைப் பிடித்துக்கொண்டு திரையில் ஒரு சதுரம் வரைந்து காட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். சதுரத்துக்கு! பிறகு அதற்குச் சிவப்பு அடித்தாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். என் ஒட்டகங்களை ஒரு பெரிய மனுஷரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மா மட்டும் அருகில் வந்து, ஒரு திமிலைத் தொட்டுப் பார்த்து, "அட்டை சூப்பராப் போட்டிருக்கீங்க மேடம்," என்று தெலுங்கில் பாராட்டினார். ஆயா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

ஆனால் பெற்றோர் கையில் மாட்டியிருந்த பிள்ளைகளின் கண் மேஜையின் உயரத்தில்தானே இருக்கும்? ஜன்னலில் தொங்கிய மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண், அப்பாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வந்தாள். குனிந்து ஒரு திமிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். உள்ளே தும்மல் ஒட்டகம் இருந்திருக்கிறது. களுக்கென்று சிரித்தாள். திமிலை அலாக்காகத் தூக்கினாள். இரட்டைத் திமில் ஒட்டகம் ஒற்றைத் திமில் ஆயிற்று.

"மேடம், இதி எவரிதி?" யாருடையது என்று கேட்டபடி வெற்று லேபிளைக் காட்டினாள்.

"தெரியலையேம்மா. பேரு இல்லையே," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ பெரிய வேலை இருப்பதுபோலக் கம்பிகளைத் துடைத்தேன்.

நான் திரும்பியபோது அதில் பேர் இருந்தது. பென்சிலில், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிய எழுத்தில். லேபிள் என்றால் பேர் எழுத வேண்டும், பேர் எழுதினால் அது நம்முடையது. இதைத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு நர்சரியிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அப்புறம் எல்லாம் கைமீறிப் போயிற்று. பெற்றோர் இரண்டாவது சதுரத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் என் ஒட்டக வரிசையில் புகுந்தார்கள். ஒவ்வொரு திமிலாகத் தூக்கி உள்ளே பார்த்தார்கள். பிடித்திருந்தால் பென்சில். "இதி நாதி!" இது என்னுடையது என்று ஒருத்தன். "நக்கோ, மேரா ஹை!" இல்லை, என்னுடையது என்று ஹிந்தியில் இன்னொருத்தன். தமிழ் வீட்டுப் பையன் ஒருத்தன் என்னிடம் ஓடி வந்து, "ஆன்ட்டி, ஷீ டுக் மை கேமல்," என்று புகார் செய்தான். தும்மல் ஒட்டகத்தின் லேபிளில் இடமே இல்லாமல் பேர்கள். பேரை எழுதியவர்கள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து, யாரும் பிடுங்குவதற்குள் படித்துவிட வேண்டுமென்று வேகவேகமாகப் படித்தார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று.

ஆனால் பந்தயம் பந்தயம்தான். கேட்பது கரஸ்பாண்டென்ட் காதில் விழ வேண்டும். அவரோ கீழே விருந்தாளிகளோடு இருந்தார். வந்து இந்தக் களேபரத்தைப் பார்த்தால் கேட்பதற்கு முன்னாலேயே என்னைப் போன் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். கையில் பேரன். யூ.கே.ஜி. படிக்கிற வாண்டு.

"ஏமண்டி மேடம், என்ன சந்தை இது?"

நான் பதில் சொல்வதற்குள் வாண்டு அவர் கையை விட்டுவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தது. கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு, ஒரு திமிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தது. கூடாரக் கதை. லேபிளைத் தடவிப் பார்த்து, "தாத்தா, நா பேரு ராயி," என்றது. என் பேர் எழுது என்று. யூ.கே.ஜி.க்கு அவ்வளவு நீளப் பேர் எழுத வராது.

பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா சட்டைப் பையிலிருந்து தங்க நிற மூடி போட்ட பேனாவை எடுத்தார். பேரை எழுதினார். வகுப்பை எழுதினார். பாடம் என்ற இடத்தில் நிறுத்தி, "இங்க என்ன எழுதறது?" என்று பேரனைத் தெலுங்கில் கேட்டார்.

"ஒண்டே," என்றது வாண்டு, இதுகூடவா தெரியாது என்பதுபோல.

ஒட்டகம் என்று எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாகப் பேனாவை மூடினார். அவர் கிளம்பினார். வாண்டும் புத்தகத்தோடு கிளம்பியது. நான் வாசலை மறித்து நின்றேன்.

"சார், மன்னிச்சுக்கங்க. புக்கு லைப்ரரியை விட்டு வெளியே போகக் கூடாது. உங்க ரூல்."

"பேரு எழுதியாச்சே மேடம்!"

"எழுதினா என்ன சார்? இங்கயே உக்காந்து படிக்கட்டும். திங்கக்கிழமையும் வரட்டும். ஜூன்லயும் வரட்டும், ரூம் இருந்தா."

அவர் குனிந்து பேரனின் விரல்களைப் புத்தகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். மைதா போட்டு ஒட்டியதுபோல இருந்தன அந்த விரல்கள். வாண்டு தரையில் மல்லாந்து படுத்தது. வாயைத் திறந்தது. "நாக்கு காவாலீ!" எனக்கு வேணும் என்று அது போட்ட கத்தலில் கம்ப்யூட்டர் மூலையிலிருந்த அத்தனை தலையும் திரும்பியது. பத்தாம் வகுப்புப் பெண் சதுரத்தைப் பாதியில் விட்டாள்.

"கேக்கறான் பாருங்க மேடம்," என்றார் பாவமாக.

"கேக்குறானா சார்?" என்றேன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. "தானாத்தானே கேக்குறான்? யாரும் சொல்லிக்கொடுக்கலையே?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பந்தயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது போலும். மீசை துடித்தது. கோபப்படப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்வாங்கினேன். அவர் சிரித்துவிட்டார். "சரே மேடம், சரே. ரூம் உங்களுது. வழி விடுங்க. இல்லைன்னா இவன் இங்கயே இருந்துருவான்."

வழி விட்டேன். கரஸ்பாண்டென்ட் வீட்டுக்குள் ஒட்டகம் தலையை நீட்டியது.

திங்கட்கிழமை அவருடைய டிரைவர் வந்து புத்தகத்தைத் திருப்பித் தந்து, "பாபுவுக்கு இன்னொரு ஒட்டகம் வேணுமாம்," என்றார். ஊதா ஒட்டகத்தை அனுப்பினேன். பிறகு தும்மல் ஒட்டகம். முதலாளி வீட்டுக்குப் புத்தகம் போனால் மற்றவர்கள் வீட்டுக்கும் போகத்தானே வேண்டும்? பீரோக்களைப் பூட்டுவதை நான் பாட்டுக்கு நிறுத்திவிட்டேன். யாரும் கேட்கவில்லை. புத்தகங்கள் மஞ்சள் கறையோடும் பால் கறையோடும் திரும்பி வந்தன. ஒன்று திரும்பி வரவேயில்லை. அதைச் சொல்லப் போனபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. "சார், லைப்ரரியில ஒரு புக்கு தொலைஞ்சுபோச்சு!" என்று நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜூன் வந்தது. பெற்றோரிடம் வாக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. என் அறையில் இருந்ததையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் எங்கே வைப்பது? வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது, ஏசி வேண்டும் என்று விற்றவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் ஏசி இருந்தது ஒரே ஒரு அறையில். கரஸ்பாண்டென்ட் அறையில்.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் நிழலாடியது. நிமிர்ந்து பார்த்தேன். கரஸ்பாண்டென்ட் தம் சுழல் நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் ஆயா அக்கா, கையில் பிரவுன் தாளோடு. அவருடைய மேஜைக்கும் அட்டை போட வந்திருந்தாரோ என்னவோ. உள்ளே பிள்ளைகள் ஜன்னல்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள். கரஸ்பாண்டென்ட், கம்ப்யூட்டர் இருந்த காலி மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேடம், வேற ரூம் ரெடியாகற வரைக்கும் நான் அந்த மூலையில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? தாற்காலிகம்தான்."

கூடாரக் கதையைப் பேரனுக்கு அவர் எத்தனை தடவை படித்துக் காட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் டிரைவர் கையில் எத்தனை தடவை போய்வந்தது என்று பார்த்தவள் நான்தானே.

"அதுக்கென்ன சார், தாராளமா," என்றேன். "இப்போதைக்குத் தலையை மட்டும் உள்ள வெச்சுக்கங்க."